மணலி கந்தகமும் மெல்லிய தாளும்: செலவை யார் கணக்கில் எழுதுவது?

கந்தகம் என்றவுடன் எல்லோருக்கும் சிவகாசிதான் ஞாபகத்துக்கு வரும். தீக்குச்சி, பட்டாசு, மிஞ்சிப்போனால் சொறிக்குப் போடும் களிம்பு. ஆனால் தமிழ்நாட்டில் கந்தகம் எங்கே கிடைக்கிறது என்று தேடினால் வழி வடசென்னைக்குப் போகும். கச்சா எண்ணெயில் கலந்து கப்பலில் வந்து, மணலி சுத்திகரிப்பு ஆலையில் பிரிந்து, மஞ்சள் நிறத்தில் வெளியே வரும் சரக்கு அது.

இந்த மஞ்சள் சரக்கை வைத்து, இன்றைய செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியைவிட எடை குறைந்த பேட்டரி செய்யலாம் என்று உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது. பெயர் லித்தியம்-கந்தகப் பேட்டரி. அதற்குக் கைகொடுக்க, சில அணுக்களின் தடிமனே உள்ள மெல்லிய மின்கடத்தித் தாள்கள். "கந்தகமோ கொள்ளை மலிவு, தாளோ அதிசயம், அப்புறம் என்ன?" என்கிற தொனியில் செய்திகள் அடிக்கடி வருகின்றன.

அப்புறம் என்ன என்பதுதான் கேள்வி. வேதியியல் படித்தவர்கள் பேட்டரி வேலை செய்யுமா என்று பார்க்கட்டும். பி.காம். வகுப்பில் சொல்லித்தரும் கேள்வி வேறு: செலவு எவ்வளவு, அதை யார் கணக்கில் எழுதுவது? இந்த இரண்டாவது கேள்விக்கு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களைவிட அதிக விலை கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவு.

மணலியில் கந்தகம் எப்படி?

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965ல் தொடங்கப்பட்டு, 1969ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்த நிறுவனம்தான் இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். வருடத்துக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு உண்டு.

கச்சா எண்ணெயில் இயற்கையாகவே கந்தகம் இருக்கிறது. அதை எடுக்காமல் டீசலாக்கி எரித்தால் புகையில் கந்தக டை ஆக்சைடாக வெளியே வரும். கண் எரியும், மூச்சு முட்டும். அதனால்தான் அரசாங்கம் எரிபொருளில் கந்தகத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தது. 2010ல் சென்னை போன்ற பெருநகரங்களுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதிப்படி பத்து லட்சத்தில் 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி 10 பங்குக்கு மேல் கூடாது.

டீசலிலிருந்து எடுத்த கந்தகம் காணாமல் போய்விடுமா? ஹைட்ரஜனோடு சேர்த்துப் பிரித்து, பிறகு திடப்பொருளாக மாற்றுகிறார்கள். அது சல்ஃப்யூரிக் அமிலத்துக்கும் உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் போகிறது. உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 8 கோடி டன் கந்தகம் கிடைக்கிறது என்றால், அதில் பெரும்பகுதி இப்படி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் கழித்து எடுக்கப்படுவதுதான்.

இங்கே அடக்கவிலைக் கணக்கு படித்தவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கந்தகம் ஓர் உபபொருள். உபபொருளின் தலையில் பொதுச் செலவை ஏற்றுவதில்லை. அதை விற்று வரும் பணத்தை முதன்மைப் பொருளின் செலவில் கழித்துக்கொள்வதுதான் வழக்கம். ஆகவே "கந்தகம் மலிவு" என்பது பாதி உண்மை, பாதி கணக்கு எழுதும் முறை. அந்த விலையும் நிலையானதல்ல. 2025ல் உலகச் சந்தையில் கந்தக விலை கடுமையாக ஏறியது.

ஆசை காட்டும் எண்கள்

ஒரு கிராம் கந்தகம், ஏட்டுக் கணக்குப்படி, சுமார் 1675 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் ஏற்கும். இன்றைய லித்தியம் அயனி பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும் நிக்கல், கோபால்ட் கலந்த பொருள்களுக்கு இந்த எண் 200க்கு முன்னே பின்னேதான். கந்தகப் பேட்டரியின் மின்னழுத்தம் குறைவு, 2.1 வோல்ட் அளவில். அதைக் கழித்துப் பார்த்தாலும் கந்தகமே முன்னால் நிற்கிறது. கோபால்டுக்கு காங்கோவையும் நிக்கலுக்கு இந்தோனேசியாவையும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம்.

நடைமுறையில் ஒரு கிராமுக்கு 1000 கிடைக்கிறது என்று வையுங்கள். அப்போது ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க ஏறத்தாழ அரை கிலோ கந்தகம் போதும். 200 யூனிட் பேட்டரி உள்ள ஒரு மின்சாரப் பேருந்துக்கு 100 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டை எடை, அவ்வளவுதான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருக்கிறது அல்லவா? பிறகு ஏன் கடையில் கிடைக்கவில்லை?

மூன்று குறைகள்

முதல் குறை, கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. கண்ணாடி, ரப்பர் வகையறா. மின்சாரமே பாயாத பொருளில் மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி?

இரண்டாவது குறைதான் பெரிய தலைவலி. பேட்டரி வேலை செய்யும்போது கந்தகம் லித்தியத்தோடு சேர்ந்து பாலிசல்ஃபைடு என்ற இடைநிலைப் பொருளாகிறது. அது பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் கரைந்து, ஷேர் ஆட்டோ மாதிரி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ட்ரிப்பிலும் கொஞ்சம் கந்தகம் வீணாகும். சார்ஜ் நிற்காது, ஆயுள் குறையும்.

மூன்றாவது, கந்தகம் முழுவதும் லித்தியம் சல்ஃபைடாக மாறும்போது சுமார் 80 சதவீதம் பருக்கிறது. சார்ஜ் ஏற்றினால் மறுபடி சுருங்குகிறது. தினமும் உப்பிச் சுருங்கும் சுவரில் விரிசல் விழாமல் என்ன செய்யும்?

மெல்லிய தாள் என்ன செய்கிறது?

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஓர் அணு தடிமனில் ஒரு தாள் மிஞ்சும். அதுதான் கிராஃபீன். மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்தந்தின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பால் அதைப் பிரித்து எடுத்து 2004ல் உலகுக்குச் சொன்னார்கள். 2010ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஒரு கிராம் கிராஃபீனை இரண்டு பக்கமும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 2600 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட 12 கிரவுண்ட்! நீளமும் அகலமும் மட்டுமே கணக்கில் வருவதால் இருபரிமாணப் பொருள் என்று பெயர்.

இந்தத் தாளின் மேல் கந்தகத்தைப் பூசினால் முதல் குறை தீர்கிறது. மின்சாரம் தாள் வழியாக ஓடி கந்தகத்தை அடையும். தாள் வளைந்து கொடுப்பதால் மூன்றாவது குறையும் ஓரளவு அடங்கும். ஆனால் இரண்டாவது குறைக்குச் சுத்தமான கிராஃபீன் போதாது. பாலிசல்ஃபைடைப் பிடித்து வைக்கும் பசை அதில் இல்லை. ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ சேர்த்தால் பிடிப்பு கூடுகிறது.

இன்னும் வலுவான பிடிப்புக்கு மேக்ஸீன் என்ற குடும்பம் இருக்கிறது. டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த மெல்லிய தாள். 2011ல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் முதலில் செய்யப்பட்டது. மின்சாரமும் நன்றாகக் கடத்தும், பாலிசல்ஃபைடையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா நசாரின் குழு 2015ல் இதைக் கந்தகத்தோடு சேர்த்துக் காட்டியது. கார்பனின் நுண்துளைகளுக்குள் கந்தகத்தை அடைத்து 2009ல் இந்த ஆராய்ச்சிக்கே புது உயிர் கொடுத்ததும் அதே குழுதான்.

இந்தக் கதையில் தமிழர் ஒருவரும் இருக்கிறார். தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, இன்று டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பேராசிரியர் அருமுகம் மந்திரம். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019ல் நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் இவர்தான். 2012ல் இவரும் இவரது மாணவரும் செய்தது ரொம்ப எளிமையான காரியம். கந்தகப் பக்கத்துக்கும் நடுத்தடுப்புக்கும் இடையில் நுண்துளை உள்ள ஒரு கார்பன் காகிதத்தைச் செருகினார்கள். ஓடிப்போகும் பாலிசல்ஃபைடை அது வழிமறித்தது. பேட்டரியின் ஆயுள் நன்றாகக் கூடியது. இந்த எளிமையை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

எல்லாம் இங்கேயே இருக்கிறதே!

கந்தகம் மணலியில். கிராஃபைட், சிவகங்கையில், அரசு நிறுவனமான டாமினுக்கு அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் உண்டு. அதே மாவட்டத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிக்ரி. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்ததால் 1948ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953ல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று.

வாங்குவதற்கு ஆளும் பக்கத்திலேயே. எண்ணூரில் அசோக் லேலண்ட். அதன் குழுமத்தைச் சேர்ந்த ஸ்விட்ச் நிறுவனம் மின்சாரப் பேருந்து செய்கிறது. 2025 ஜூன் 30 அன்று மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியதும் வடசென்னையின் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான். ஏற்றுமதிக்கு இரண்டு துறைமுகங்கள். வரைபடத்தில் பார்த்தால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போலத் தோன்றும்.

வரைபடம் வேறு, கணக்குப் புத்தகம் வேறு.

உப்பும் பிரியாணியும்

உப்பு விலை குறைவு என்பதால் பிரியாணி விலை குறைந்து யாராவது பார்த்ததுண்டா? கந்தகம் இந்தப் பேட்டரியின் உப்பு மாதிரி. மேலே சொன்ன பேருந்துக்கு 100 கிலோ கந்தகம். கிலோ 50 ரூபாய் என்றே வைத்தாலும் மொத்தம் 5,000 ரூபாய். அது பாதியாகக் குறைந்தாலும் இரட்டிப்பானாலும் கோடி ரூபாய்ப் பேருந்தில் யாருக்கும் தெரியாது.

இப்போது தாளுக்கு வாருங்கள். கந்தகத்தின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மேக்ஸீன் போதும் என்று வைத்தால் 5 கிலோ, அதாவது 5,000 கிராம். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு இந்தப் பொருள் இன்னும் கிராம் கணக்கில்தான் விற்கப்படுகிறது. விலை ரொம்ப இறங்கி கிராம் 100 ரூபாய்க்கு வந்துவிட்டது என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும் 5 லட்சம் ரூபாய். கந்தகத்தைப் போல நூறு மடங்கு! இதற்கு மேல் லித்தியம் உலோகத் தகடு, ஈதர் வகைத் திரவம், ஈரம் படாத உலர் அறை. "மலிவான கந்தகம்" என்று தலைப்புப் போடும் செய்திகள் பில்லின் கடைசி வரியை மட்டும் வாசிக்கின்றன.

அடுத்தது எடைக் கணக்கு. காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் ஐஸையும் பெட்டியையும் கழித்து மீனுக்கு மட்டும்தான் விலை பேசுவார். அது சரி. ஆனால் வண்டி வாடகை பேசும்போது ஐஸ், பெட்டி, மீன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பிரமாதமான எண்கள் பெரும்பாலும் "ஒரு கிராம் கந்தகத்துக்கு" என்று மட்டுமே சொல்கின்றன. கூட இருக்கும் கார்பன், தாராளமாக ஊற்றிய திரவம், தேவைக்கு அதிகமான லித்தியம் எல்லாம் பெட்டி எடையாக மறைந்துவிடுகின்றன. பேட்டரியைச் சுமக்கப் போகிற வண்டிக்கு மொத்த எடைதான் கணக்கு. அப்படிப் பார்க்கும்போது, ஏட்டில் ஒரு கிலோவுக்கு 2500 வாட் மணி என்று வரும் எண், உண்மையில் செய்யப்பட்ட பேட்டரிகளில் 300, 400 அளவில் வந்து நிற்கிறது. நல்ல லித்தியம் அயனி பேட்டரி 250ஐத் தொடுகிறது. முன்னேற்றம்தான், ஆனால் பத்து மடங்கு இல்லை. தாளைச் சேர்க்கச் சேர்க்க எடையும் கூடும். உரித்த தாள்கள் நனைந்த செய்தித்தாள் பக்கங்களைப் போல மறுபடி ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. ஒட்டிக்கொண்டால் அந்த 12 கிரவுண்டும் சுருங்கிப் போகும்.

மூன்றாவது, ஆயுள் கணக்கு. ஒரு பேட்டரி 10,000 ரூபாய், 3000 தடவை சார்ஜ் ஏற்றலாம். இன்னொன்று பாதி விலை, 5,000 ரூபாய். ஆனால் 300 தடவைதான். எது மலிவு? முதலாவதில் ஒரு தடவைக்கு 3 ரூபாய் 33 காசு. இரண்டாவதில் 16 ரூபாய் 67 காசு. இவை உதாரணத்துக்குப் போட்ட எண்கள். ஆனால் நிலவரம் இதே ரகம்தான். இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரிகள் ஆயிரக்கணக்கான தடவை தாங்குகின்றன, நிக்கலும் கோபால்ட்டும் அவற்றுக்கும் வேண்டாம், விலையும் இறங்கியிருக்கிறது. கந்தகப் பேட்டரிகள் பெரும்பாலும் சில நூறு தடவைகளில் களைத்துப் போகின்றன. தினமும் சார்ஜ் ஏற்றும் பேருந்துக்கு 300 தடவை என்பது ஒரு வருடம்கூட வராது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2010ல் செஃபிர் என்ற ஆளில்லா சூரியசக்தி விமானம் இரவு நேரத்துக்குக் கந்தகப் பேட்டரியை நம்பி 14 நாள் இறங்காமல் பறந்து சாதனை செய்தது. எடைதான் எல்லாம் என்கிற இடத்தில் கந்தகம் ஜெயிக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதே விமானத்தின் பிந்தைய வடிவம் சிலிக்கான் கலந்த லித்தியம் அயனி பேட்டரிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் இந்தத் தொழில்நுட்பத்தையே நம்பியிருந்த ஆக்ஸிஸ் எனர்ஜி 2021ல் பணமில்லாமல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அந்த நிறுவனத்தில் விஞ்ஞானம் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

கணக்கில் வராத செலவு

இதுவரை சொன்னது கம்பெனியின் கணக்கு. இனி ஊரின் கணக்கு.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கப்பட்ட காலத்தில் ராயபுரம் வீடுகளில் கொடியில் காயப்போட்ட துணி கறுத்துப் போகும். வழக்குப் போட்டு, 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்த வருடம் அக்டோபர் முதல் அந்தச் சரக்கு அங்கே நிறுத்தப்பட்டது. ராயபுரத்துக்கு நிம்மதி. நிலக்கரி எங்கே போனது? வடக்கே எண்ணூருக்கு. தூசி ஒழியவில்லை, முகவரிதான் மாறியது.

எண்ணூரில் அதற்கு முன்பே அனல்மின் நிலையங்கள் வரிசை கட்டி நின்றன. குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2023 டிசம்பர் மாதம் ஒன்றே போதும். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம் முழுவதும் பரவியது. படகும் வலையும் கறுப்பாயின. மாதக் கடைசியில், 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இந்தச் செலவெல்லாம் எந்த லாப நட்டக் கணக்கில் வந்தது? டீசல் விலையில் இல்லை, மின் கட்டணத்தில் இல்லை, உர மூட்டையில் இல்லை. மீனவரின் வருமானத்தில் குறைவாகவும், குழந்தையின் இருமல் மருந்துச் சீட்டாகவும் எழுதப்பட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

இப்போது மெல்லிய தாளை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மேக்ஸீன் செய்ய, அலுமினியம் கலந்த ஒரு கட்டிப் பொருளிலிருந்து அலுமினியத்தை மட்டும் அரித்து எடுக்க வேண்டும். வழக்கமான வழி ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோல் வழியாக உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும் அமிலம். கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் ஆக்சைடு செய்ய, 1958ல் ஹம்மர்ஸ் சொன்ன முறையில், அடர் சல்ஃப்யூரிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் வேண்டும். பிறகு அமிலம் போக அலசு அலசு என்று அலச வேண்டும். அலசிய தண்ணீர் எங்கே போகும்? பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கொசஸ்தலைக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல.

இன்னொன்று. இந்தப் பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில் இருப்பது லித்தியம் உலோகம். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், தீப்பிடிக்கலாம். 2015லும் 2023லும் வெள்ளம் புகுந்த தாழ்வான பகுதியில் அதைக் கிடங்கில் வைப்பது என்றால் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்படியானால் வேண்டாமா?

அவசரப்பட வேண்டாம். "இது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறது, இப்போதே ஏன் கவலை?" என்று சிலர் கேட்பார்கள். "வடசென்னைப் பையன்களுக்கு வேலை வேண்டாமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில்: எங்கே என்ன வைப்பது என்பது சுவர் எழும்பிய பிறகு தீர்மானிக்கப்படுவதில்லை. 2021ல் மத்திய அரசு நவீன பேட்டரி செல் தயாரிப்புக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. அப்படிப்பட்ட பணம் எந்த வகைப் பேட்டரிக்கும் நாளை திரும்பலாம். திரும்பும் நாளில் நிபந்தனைகள் தயாராக இருக்க வேண்டும். வெள்ளம் வருமுன்தான் அணை போட முடியும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் எந்த வேலை? 1955லிருந்து திருவொற்றியூரில் புல்லட் செய்த ராயல் என்ஃபீல்டு, 2013ல் புதுத் தொழிற்சாலையை ஒரகடத்தில்தான் கட்டியது. அடுத்ததை வல்லம் வடகாலில். பளபளப்பான தொழிற்சாலைகள் நகரத்தின் அந்தப் பக்கம் போக, வடக்கே மிஞ்சுவது புகைபோக்கியும் சாம்பல் குளமும் டேங்கர் லாரியும். கந்தகப் பேட்டரியிலும் அமிலத் தொட்டி எண்ணூருக்கு, ஆராய்ச்சிக்கூடமும் அசெம்பிளி லைனும் வேறெங்கோ என்றால், அது பழைய கதையின் புது அத்தியாயம்.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, எளிய தாளுக்கு முதலிடம். மந்திரம் குழுவின் கார்பன் காகிதம் காட்டியது போல, எல்லாவற்றுக்கும் விலையுயர்ந்த மேக்ஸீன் தேவையில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இல்லாமல் மேக்ஸீன் செய்யும் வழிகளும் ஆராயப்படுகின்றன. பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி, குறைந்த அமிலம், குறைந்த தண்ணீர் கேட்கும் வழிகளுக்கு முன்னுரிமை தரட்டும்.

இரண்டு, விலைப்பட்டியலில் கழிவுச் செலவும் சேரட்டும். அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவையும், பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் செலவையும், விபத்துக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்த பிறகும் லாபம் வருகிறதா? வந்தால் தொழில். வராவிட்டால் அது லாபம் இல்லை, அக்கம்பக்கத்தாரிடம் கேட்காமல் வாங்கிய கடன்.

மூன்று, சரியான இடத்தில் ஆரம்பிக்கட்டும். எடை முக்கியமாகவும் ஆயுள் இரண்டாம்பட்சமாகவும் இருக்கும் வேலைகள் உண்டு: ஆளில்லா விமானம், பேரிடர்க் காலக் கருவிகள். அங்கே தேறட்டும். பேருந்துக்குத் தற்போதுள்ள பேட்டரியே போதும். வியாசர்பாடி பணிமனை சோதனை எலி ஆக வேண்டியதில்லை.

நான்கு, அமிலம் வரும் ஊருக்கே ஆய்வுக்கூடமும் வரட்டும். தரம் பார்க்கும் வேலை, பேட்டரி கட்டும் வேலை, அதற்கான பயிற்சி எல்லாம் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருக்கட்டும். ஆலை அதிகாரியின் குடும்பமும் அதே காற்றைச் சுவாசித்தால் கண்காணிப்பு தானாகவே கூர்மையாகும்.

டீசலிலிருந்து கந்தகத்தை எடுத்தது நல்ல காரியம். எடுத்த கந்தகத்தில் பேட்டரி செய்து, அந்த டீசலின் தேவையையே குறைக்க முடிந்தால் அது இன்னும் நல்ல காரியம். அந்த நாள் வரட்டும். ஆனால் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது இரட்டைப் பதிவு முறையின் முதல் பாடம். ஐம்பது வருடங்களாக வரவு ஒரு பக்கமும் பற்று வடசென்னைப் பக்கமுமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. புதுப் பேட்டரிக்குப் புதுக் கணக்குப் புத்தகம் திறக்கும்போதாவது இரண்டையும் ஒரே பக்கத்தில், ஊர்க்காரர்கள் படிக்கிற மாதிரி, தமிழில் எழுதி வைக்கட்டும்.